செஞ்சியில் சாற்றுக் கொழுக்கட்டை

2025 ஜனவரி 29, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது, ஜன்னல் காற்றில் மட்டும் தை மாதக் குளிர் கொஞ்சம் மிச்சமிருந்தது. செஞ்சி ஊருக்குள் போக வேண்டிய பேருந்து, போகாமல் புறவழிச்சாலையில் நின்றது. உள்ளே ஐம்பத்தைந்து இருக்கைகள். நான் எண்ணிய வரையில் தொண்ணூற்று மூன்று பேர், ஒரு சேவல்.

அன்று தை அமாவாசை. அத்தனை பேரும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். மலேசியாவில், எங்கள் ஈப்போவில் அதே நாளில் சீனப் புத்தாண்டு. தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம் சிவந்து கிடக்கும், ஒரு சீனக் கடையும் திறந்திருக்காது. இரண்டும் ஒரே நிலாவைப் பார்த்துக் குறித்த நாள்தான் என்பது, எழுபத்து நான்கு வயதில், ஒரு சேவலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

என் கழுத்தில் நான்கு மூங்கில் ஆவிக்கூடைகள் கயிற்றில் தொங்கின. பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடும் என்று ஈப்போவிலிருந்து கழுத்திலேயே கொண்டு வந்தேன். சேவல்காரம்மாள் அவற்றைத் தட்டிப் பார்த்தாள்.

“இன்னா பெரியவரே, கோழிக் கூண்டா?”

“இல்லம்மா. கொழுக்கட்டை வேகவைக்கிற கூடை.”

“ஏன், உங்க ஊர்ல இட்லி குண்டான் கெடைக்கறதில்லியா?”

சொல்லிவிட்டு மேல் கூடையைத் திறந்து, மடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை அதில் போட்டு மூடிக்கொண்டாள். அவளுக்குக் கை ஒழிய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் கண்டக்டர், “செஞ்சி எறங்கறவங்க இங்கியே எறங்கிக்குங்க, வண்டி உள்ள போவாது” என்று கத்தினார். நான் பெட்டியோடு இறங்கிய பிறகு ஜன்னலிலிருந்து கூக்குரல் வந்தது. “யோவ் பெரியவரே, எம்பழம்!” நகர ஆரம்பித்த பேருந்தோடு சேர்ந்து ஓட்டமும் நடையுமாகப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பதினொன்று. அம்மனுக்குப் போக வேண்டிய பழம் என் கூடையில் தங்கிவிடக் கூடாதே என்ற பயத்தில் முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

நான் வந்த காரியம் சாப்பிடுவது. என் மனைவியின் அண்ணன் மகன் செல்வம், எட்டு வருடம் ஈப்போவில் எங்கள் வீட்டில் தங்கி, ஷாங்காய்க்காரர் ஒருவரின் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவன். அந்த உணவகத்தில் ஞாயிறு தவறாமல் சாப்பிட்டவன் நான். போன வருடம் அவன் ஊர் திரும்பிச் செஞ்சியில் சீன உணவுக் கடை வைத்தான். கட்டடம், மேல்சித்தாமூரைச் சேர்ந்த தரணேந்திரன் என்ற சமணப் பெரியவருடையது. கறி, மீன், முட்டை உள்ளே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு வருடத்துக்குக் கொடுத்திருந்தார். அந்த வருடம் இந்த வாரம் முடிகிறது. அவருடைய மகன்களுக்கு அந்த இடத்தைச் செல்போன் கடைக்கு விட ஆசை.

“பெரியவரு ஒரு தடவ கூட நம்ம கடையில வாய நனச்சதில்ல மாமா” என்று செல்வம் போனில் சொன்னான். “ஒரு தடவ சாப்ட்டுப் பாத்தாருன்னா மனசு மாறும். அதுக்கு முன்ன, அசல் ருசி தெரிஞ்ச ஒருத்தர் சாப்ட்டுச் சொல்லணும். எனக்கு உங்கள விட்டா யாரு?” கடை போனால் அவன் மறுபடி எங்கள் ஊருக்கே வேலைக்கு வர வேண்டும். மனைவி வனிதாவும் மூன்று வயது மகளும் இங்கே தனியாக இருப்பார்கள். சாப்பிட்டு மதிப்பெண் போடுவதற்கு இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு இதற்கு முன் வந்ததில்லை.

பெட்டியை இழுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். எங்கள் ஊரிலும் மலைகள் உண்டு. சுண்ணாம்புக் குன்றுகள், உச்சியில் மரம் அடர்ந்து பச்சையாக இருக்கும். இங்கே மலை என்றால் பாறையின் மேல் பாறை. யாரோ அடுக்கிக்கொண்டே வந்து, பாதியில் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போன மாதிரி இருக்கிறது. கோட்டை மலையான ராஜகிரியின் ஒரு சரிவில் மட்டும் பாறைகளை எண்ண ஆரம்பித்தேன். இருநூறைத் தாண்டியதும் கழுத்து பிடித்துக்கொண்டது. அவ்வளவு உயரத்தில் மதிலைக் கட்டியவர்கள் மத்தியானம் என்ன சாப்பிட்டிருப்பார்கள், அதை யார் சுமந்து ஏறியிருப்பார்கள் என்று யோசித்தபடி, வாயைத் திறந்துகொண்டு நடுச்சாலையில் நின்றுவிட்டேன். ஒரு மொபெட்காரர் திட்டிவிட்டுப் போனார்.

கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஏழு மேஜை. மாலை ஐந்தரைக்குத் திறக்கிறார்கள். திறந்த சற்று நேரத்தில் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். வனிதா அவர்களுக்குச் சாற்றுக் கொழுக்கட்டை கொண்டுபோய் வைத்தாள். ஒருவர் எடுத்து ஒரே கடியாகக் கடித்தார். உள்ளிருந்த சூடான சாறு மேஜையைத் தாண்டி எதிரே இருந்தவரின் சட்டையில் பாய்ந்தது.

“இன்னா செல்வம், உள்ள தண்ணி பூந்திருக்குது! வேகவே இல்லப்பா!”

“அண்ணே, அது தண்ணி இல்ல, சாறு. அதுக்குத்தான் இந்தக் கொழுக்கட்டையே.”

“சாறு ஊத்தணும்னா கிண்ணத்துல ஊத்து. மாவுக்குள்ள ஏன் ஊத்தற? எனக்குக் கோபி மஞ்சூரி குடு.”

கோபி மஞ்சூரி என்ற பொருளை ஈப்போவில் உள்ள எந்தச் சீனரும் கண்டதில்லை. அது இங்கே அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினேழு தட்டுப் போனது. கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிக் கழுவி, எஞ்சும் பசையை இனிப்பும் உப்புமாக வதக்கி எடுக்கும் ஷாங்காய்ப் பதார்த்தம் ஒன்றும் உண்டு. பிய்த்தால் நார் நாராக வருகிறது. ஒருவர் செல்வத்தின் காதருகே குனிந்து, “சும்மா சொல்லு, சிக்கன்தானே? நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்றார். அதற்கு நான் பத்துக்கு எட்டு போட்டேன். சர்க்கரை கொஞ்சம் குறைவு.

பிறகு எனக்கு ஒரு கூடை வந்தது. ஸ்பூனை வெந்நீரில் இரண்டு முறை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். ஆறு கொழுக்கட்டை. ஒவ்வொன்றுக்கும் உச்சியில் பதினான்கு மடிப்பு. ஈப்போவில் பதினெட்டு இருக்கும். மேல்தோல் ஒரு நூல் தடிப்பு அதிகம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நுனியில் சின்னதாகக் கடித்து, சாற்றை உறிஞ்சினேன். பன்றித் தோலும் எலும்பும் சேர்த்து ராவெல்லாம் காய்ச்சினால்தான் வரும் என்று நான் நம்பியிருந்த ஆழம் அதில் இருந்தது. எலும்பு இல்லை, ஒன்றும் இல்லை. எப்படி?

“உலர்ந்த காளான் மாமா” என்றாள் வனிதா. “அத ஊறவெச்சிக் காய்ச்சி, கடல்பாசி போட்டு ஒறைய வெச்சி, துண்டு போட்டு மாவுக்குள்ள வெச்சி மடிப்பேன். ஆவியில மறுபடி கரைஞ்சிடும்.”

மீதி ஐந்தையும் சாப்பிட்டுவிட்டு, “காளானை இன்னும் கொஞ்சம் கூட்டு. மடிப்பைப் பதினெட்டாக்கு. பெரியவர் கையெழுத்துப் போட்டுவிடுவார்” என்று தீர்ப்புச் சொன்னேன். செல்வம் அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

வியாழக்கிழமை காலை அவனும் நானும் மேல்சித்தாமூர் போனோம். தரணேந்திரன் எங்களைக் கூடத்தில் உட்காரவைத்தார். ஒல்லியான மனிதர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், முதுகு என்னைவிட நேர். சுவரோரம் மல்லாட்டை மூட்டைகள். நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். ஒன்பது மூட்டை. ஒன்றின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

செல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “ஐயா ஒரு தடவ கடைக்கு வந்து சாப்பிடணும். நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கே வாங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடலாம்.” பொழுது சாய்ந்த பின் சமணர்கள் சாப்பிடுவதில்லை என்பது இங்கே ஊருக்கே தெரிந்தது.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இந்த ஒரு வருஷத்துல இப்பத்தான் கூப்படற.”

“ஐயா…”

“சரி, வரேன். ஒரு வாய் சாப்ட்டுப் பாக்கறேன். எங்க வீட்டு எலையில வெக்கற மாதிரி இருந்துதுன்னா மேல பேசுவோம். இல்லன்னா பசங்க சொல்றபடி வுட்டுடு.”

அவர்கள் இருவரும் கட்டடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியே போக, அந்த வீட்டு மருமகள் எனக்கு இலை போட்டாள். பீர்க்கங்காய்க் கூட்டு, பருப்பு, கீரை, வாழைக்காய், மோர்க்குழம்பு. தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினாள். வெந்நீருக்காக ஊரெல்லாம் சண்டை போடும் எனக்கு அந்த வீடு மிகவும் பிடித்துவிட்டது. வெங்காயமே தெரியவில்லையே என்றேன்.

“எங்க வீட்ல கெழங்கு ஆவாதுங்க. வெங்காயம், பூண்டு ஆவாது. இஞ்சி ஆவாது, சுக்கு ஆவும். தேன் ஆவாது, காளான் ஆவாது.”

கையிலிருந்த கவளம் இலையிலேயே விழுந்தது. “காளானா?”

“அதெல்லாம் நாங்க தொடறதே இல்லீங்க” என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றினாள்.

திரும்பும் பேருந்தில் செல்வத்திடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்துப்போனது. “வெங்காயம் பூண்டு தெரியும் மாமா. அத எடுத்துடலாம்னுதான் இருந்தேன். காளான் செடிதானே? கறி இல்லல்ல?” பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அத எடுத்துட்டா சாறுல இன்னா இருக்குது? உப்புத் தண்ணிதான்” என்றான். முந்தின நாள் காளானைக் கூட்டு என்று சொன்னவன் நான். நல்லவேளை, அதை அவன் ஞாபகப்படுத்தவில்லை.

கடைக்கு வந்ததும் ஈப்போவுக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டு மேய் லின், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம் சாப்பிடும் பௌத்தப் பெண். புத்தாண்டின் இரண்டாம் நாள் அது, மகள்களும் மாப்பிள்ளைகளும் வந்து வீடு நிறைந்திருக்கும் சத்தம் கேட்டது. அவள் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

“காளான் இல்லாமலா? நேற்றுப் புத்தாண்டு முதல் நாள், எங்கள் வீட்டில் கறி உண்டா, பூண்டுதான் உண்டா? பதினெட்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதுகூடவா தெரியாது உனக்கு? நிலக்கடலையை எடு. ஊறவை, தோலை உரி. வறுக்காதே. சின்னத் தீயில் வை. தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், அதுவரை கிண்டாதே. அவ்வளவுதான். போனை வை. மாப்பிள்ளைகளோடு சீட்டாடிக்கொண்டிருக்கிறேன், என் காசு போய்க்கொண்டே இருக்கிறது.”

“மல்லாட்ட மண்ணுக்குள்ளதானே வெளையுது?” என்று செல்வம் மறுபடி வெளுத்தான். ஒரு முறை பட்டதே போதும் என்று, மேல்சித்தாமூர் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டான். அந்த மருமகளின் சிரிப்பு எனக்கும் கேட்டது. “அது பருப்புதானேண்ணா, கெழங்கா? எங்க கழனியில போடறதே அதுதான். கடல்பாசி, சுக்கு எல்லாம் ஆவும், போடுங்க.”

வெள்ளிக்கிழமை விடியலிலேயே அடுப்பு எரிந்தது. மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்க்க, வனிதா கரண்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். “மாமா, நீங்க போய்க் கோட்டையப் பாருங்க.” போகவில்லை. பிறகு எப்போது என்று தெரியாமல் தண்ணீர் வெளுத்து, கனத்து, பாலாகிவிட்டது. அதில் தக்காளியும் மிளகும் சுக்கும் போட்டாள். எள்ளைக் கருகும் தறுவாய் வரை வறுத்து நல்லெண்ணெயில் பொடித்துச் சேர்த்தாள். எதிர்ச் சந்துவரை மணம் போனது. சாஸ் பாட்டில்களை ஓரம் கட்டிவிட்டு எலுமிச்சையை நறுக்கினாள். ருசி பார்த்தேன். காளான் சாறு ஆழம் என்றால், இது அகலம். பருகியபின் வெகுநேரம் நாக்கிலேயே இருந்தது.

கடல்பாசி போட்டு உறையவைத்ததும் மடிக்க உட்கார்ந்தாள். பப்படம் அளவு மாவுத்தோல். இடது கை அதைச் சுழற்ற, வலது கை விரல்கள் கிள்ளிக் கிள்ளி மூடின. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு எண்ணினேன். பதினெட்டு. அடுத்தது, பதினெட்டு. அதற்கடுத்தது, பதினெட்டு. இரண்டே நாளில் நான்கு மடிப்பு கூட்ட முடியும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஐந்து மணிக்கு அவர் வந்துவிடுவார் என்று, நான் கொண்டுவந்த கூடையில் முதல் ஆறையும் ஏற்றினோம். ஐந்து ஆனது, ஐந்தேகால் ஆனது, ஆளைக் காணோம். ஊருக்கு வெளியே கரும்பு டிராக்டர் ஒன்று சாலையில் சாய்ந்து கிடக்கிறதாம். கூடையில் இருந்தவை வெந்து, காத்திருந்து, தொய்ந்து, சாற்றைத் தாங்களே குடித்துவிட்டுத் தட்டையாகிவிட்டன. செல்வம் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தான். ஐந்து நாற்பதுக்குத் தரணேந்திரன் வந்தார். ஆட்டோவை விட்டுவிட்டு மிச்ச தூரம் நடந்தே வந்திருக்கிறார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

புதுக் கூடையை ஏற்றினோம். வேக பன்னிரண்டு நிமிடம். பொழுது சாய்வது ஆறு எட்டுக்கு. கடல்பாசி முழுதாகக் கரையாமல் எடுத்தால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும். அவசரப்படுத்த முடியாது. அவர் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ராஜகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலை அடிவாரம் இருட்ட ஆரம்பித்துவிட்டது. வெயில் உச்சிப் பாறைகளில் மட்டும் இருந்தது, அதுவும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கூடை வந்தது. அவருக்கு வழி காட்டுகிறேன் பேர்வழி என்று நான் ஒன்றை எடுத்து, பதற்றத்தில் முழுதாகக் கடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் சாறாக்கிக்கொண்டேன்.

“அப்படிப் பண்ணக் கூடாது, அதானே?” என்றார் பெரியவர்.

நான் தலையாட்டினேன்.

அவர் ஒன்றை ஸ்பூனில் வைத்து, நுனியில் சின்னதாகக் கடித்து, ஊதி, உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“மல்லாட்ட.”

“ஆமாங்கய்யா.”

“எங்க கழனியில வெளஞ்சதா?”

“சந்தையில வாங்கனதுங்க.”

“ஏன், கேட்டா நான் குடுத்திருக்க மாட்டனா?”

இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எலுமிச்சையில் தொட்டார். நான்காவதை முடித்தபோது ஜன்னலைப் பார்த்து, ஸ்பூனைக் கவிழ்த்து வைத்தார். உச்சிப் பாறையிலும் வெயில் இல்லை.

“ஐயா, இன்னும் ஒண்ணு இருக்குதுங்களே” என்றாள் வனிதா.

“பொழுது போயிட்டுதும்மா.”

மீதமிருந்த அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்வத்திடம் திரும்பினார்.

“கட எத்தினி மணிக்குத் தொறக்கற?”

“அஞ்சரைக்குங்க.”

“மூடறது?”

“பத்தரைக்குங்க.”

“அப்ப நாங்க எப்ப வந்து சாப்பிடறது?”

செல்வம் கடிகாரத்தைப் பார்த்தான். நானும்தான். ஈப்போவில் அந்த உணவகம் இரவுக் கடை. அதைப் பார்த்து இவனும் இரவுக் கடையாகவே வைத்துவிட்டான். இவருக்காக ஒரு நாள் ஐந்து மணி என்று கணக்குப் போடத் தெரிந்த எங்கள் இருவருக்கும், மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளைப் பற்றி நினைப்பே வரவில்லை.

“எங் கட்டடத்துல கட. கறி வேணாம்னேன், நீயும் போடல. சந்தோஷம்தான். ஆனா நாங்க வர முடியாத நேரமாப் பாத்துத் தொறக்கற. எங்க வீட்டுப் பசங்க, ‘அவன் நம்மள வேணாம்னு ஒதுக்கறாம்ப்பா’ன்னானுங்க. எனக்கும் அப்படித்தான் பட்டுது.”

“ஐயோ, இல்லீங்கய்யா…” செல்வம் கையைக் கூப்பினான். “யோசிக்கவே இல்லீங்கய்யா.”

“தெரிஞ்சிபோச்சு, வுடு. இப்படிச் செய்யறவன் ஒதுக்கறவன் இல்ல.” எழுந்தார். “பகல்ல தொற. நாளைக்கே தொற. பதினோரு மணிக்கு வீட்டாளுங்கள இட்டாறேன். செல்போன் கடைக்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

அவர் படியிறங்கும்வரை வனிதா நின்றுகொண்டிருந்தாள். பிறகு மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஒற்றைக் கொழுக்கட்டையை நான் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. அப்படியும் பத்துக்குப் பத்து.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. பத்தொன்பது பேர் இறங்கினார்கள். செல்போன் கடைக்கு ஆசைப்பட்ட இரண்டு மகன்களும் அதில் இருந்தார்கள். பெண்கள் நேராக அடுக்களைக்குள் போய், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். தரணேந்திரன் நடுவில் நின்று, இந்தப் பதார்த்தத்தைத் தானே கண்டுபிடித்தவர் போல, “யாரும் லபக்குன்னு கடிக்காதீங்க! மொதல்ல நுனி, அப்பறம் சாறு, அப்பறம்தான் மாவு. இந்த மலேசியாக்காரர் மாதிரி பண்ணாதீங்க” என்று அறிவித்தார். மூத்த மகன் கேட்கவில்லை. அவர் சட்டையும் என் சட்டைபோல் ஆனது. கடை முழுவதும் சிரித்தது. புதன்கிழமை மஞ்சூரி கேட்ட ஆள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கும் அந்தத் தண்ணி கொழுக்கட்ட ஒண்ணு” என்று உள்ளே வந்தார். நான்கு மூங்கில் கூடையும் ஆவி விட்டுக்கொண்டு மேஜைக்கு மேஜை போயின. ஜன்னலுக்கு வெளியே நடுப்பகல் வெயிலில் கோட்டை வெளுத்து நின்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பில் வந்தபோது சண்டை. பகல் கடையின் முதல் போணி, தான்தான் கொடுப்பேன் என்று பெரியவர் பையில் கைவிட்டார். காசே வேண்டாம் என்று செல்வம் குறுக்கே நின்றான். நான் இருவரையும் விலக்கினேன்.

“உங்கள் காசு வாடகையாகத் திரும்ப உங்களிடமே வந்துவிடும் ஐயா. அது எப்படிப் போணியாகும்?”

அவர் யோசித்தார். “அது சரிதான்” என்று கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

கூடைக்கு நூற்றிருபது ரூபாய், இருபத்து நான்கு கூடை. வனிதாவின் கையில் எண்ணி வைத்தேன்: இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய். எங்கள் ஊர் ரிங்கிட் காசில் ஏறக்குறைய நூற்று நாற்பத்தெட்டு வெள்ளி.